கூட வந்தவன் பெயர்

“பேரு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் கேக்கல.”

ஏழு நாளாக சத்தியராஜ் இதையே கேட்டுக்கொண்டிருந்தான். சோற்றில் கை வைக்கும்போது கேட்டான். பல் துலக்கிக்கொண்டே கேட்டான். சர்ச்சில் பூசைக்குப் போய்வந்து சட்டையைக் கழற்றும்போதும் கேட்டான்.

ஃப்ளோரன்ஸ் சொன்ன பதிலும் மாறவில்லை.

“யாரும் இல்லீங்க. தனியாத்தான் போனேன்.”

அந்தப் பதிலுக்குத்தான் அடி விழுந்தது. ஏதாவது ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் அவனுக்குப் புரிந்திருக்கும். கூட ஒருத்தன் வந்தான் என்றால் அது ஒரு கணக்கில் அடங்கும். கல்யாணமான பெண், முப்பத்தொன்பது வயதுக்காரி, பள்ளிக்கூட டீச்சர், ஒருத்தரும் துணையில்லாமல் மாசம் ஒருநாள் மலைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறாள் என்பது அவன் புத்திக்குள் நுழையவே மறுத்தது.

போன சனிக்கிழமை சாயங்காலம் ஆரணி பஸ் நிலையத்தில் அவள் இறங்கியதும், எதிரில் நின்றிருந்த சத்தியராஜ் அத்தனை பேர் பார்க்க அவளை அறைந்தான். பயிற்சி வகுப்பு என்று வீட்டில் சொல்லிவிட்டு அவள் போளூரில் மலைபஸ் ஏறியதை, டிராவல்ஸ் வண்டி ஓட்டும் அவன் தம்பி ராபர்ட் பார்த்துவிட்டிருந்தான். அன்று வாங்கிய அறையில் அடைத்த இடது காது இன்னும் திறக்கவில்லை. அவளுடைய போன் அம்மிக்கல்லில் சிதறியது. பள்ளிக்கு அவனே லீவு லெட்டர் கொடுத்துவிட்டு வந்தான்.

புதன்கிழமை ஒருமுறை ஒரு பெயரைச் சொல்லிவிடலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றியது. நாக்கு நுனிவரை வந்த பெயர்களை எல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். எந்தப் பெயரைச் சொன்னாலும் அந்தப் பெயருக்குரிய ஆளின் வீட்டு வாசலில் இவன் போய் நிற்பான். வாயை மூடிக்கொண்டாள்.

இன்று சனிக்கிழமை. காலை ஆறரை மணிக்கு வாசலில் ராபர்ட்டின் கார் வந்து நின்றது.

“கிளம்பு” என்றான் சத்தியராஜ்.

“எங்கங்க?”

“உன் மலைக்குத்தான். அவனை எனக்குக் காட்டு. காட்டிட்டா உனக்கு இனிமே அடி கிடையாது.”

“அங்க காட்டறதுக்கு யாரும் இல்லீங்க.”

அவன் அவள் மேல்கையைப் பிடித்து எழுப்பினான். சமையலறையிலிருந்து வனிதா ஓடிவந்தாள். காலேஜில் முதல் வருஷம் படிக்கிற பெண். ஏழு நாளாக அவளும் சரியாகச் சாப்பிடவில்லை.

“அப்பா, விடுங்க அம்மாவை. நானும் வரேன்.”

“நீ உள்ள போ.”

“நானும் வரேன்னு சொல்றேன் இல்ல!”

சத்தியராஜ் திரும்பிக்கூடப் பார்க்காமல் புறங்கையால் தள்ளினான். வனிதாவின் முகம் கதவு நிலையில் இடித்தது. உதடு கிழிந்து ரத்தம் மோவாயில் இறங்கியது. அவள் அழவில்லை. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மறுகையால் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் நின்ற ராபர்ட் உள்ளே வந்தான். வனிதாவின் விரல்களை ஒவ்வொன்றாக முந்தானையிலிருந்து பிரித்தான்.

“பாப்பா, பேஜார் பண்ணாத. சித்தப்பா கூடத்தானே போறாங்க? மத்தியானத்துக்குள்ள வந்துடுவாங்க.”

பிறகு ஃப்ளோரன்ஸைப் பார்த்து, “வாங்க அண்ணி” என்றான்.

ராபர்ட்டின் மரியாதைக்கு ஒருநாளும் குறைவு வந்ததில்லை. அதுதான் அவளுக்கு அவனிடம் பயம்.

---

பின்சீட்டில் அவள் பக்கத்தில் சத்தியராஜ் உட்கார்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். முன்சீட்டில், ஆள் உட்காரும் இடத்தில், ஒரு ஜாக்கி ராடு கிடந்தது. அதை மறைக்க ராபர்ட் எந்த முயற்சியும் எடுக்கவில்லை.

ஊரைத் தாண்டும்போது சத்தியராஜின் போன் அடித்தது. முள்ளிப்பட்டில் அவன் தறிக்குப் பாவு நூல் கொடுத்துச் சேலை நெய்து வாங்குகிற வீடுகளில் ஒன்று.

“சொல்லுண்ணே... அப்படியா? பாவு தீர்ந்துடுச்சா? ஒண்ணும் கவலைப்படாதண்ணே, சாயங்காலம் நானே எடுத்துகினு வரேன். அண்ணிக்கு ஜுரம் பரவாயில்லையா? வெந்நீர் வச்சுக் குடுண்ணே.”

இவ்வளவு பேசும்போதும் அவன் விரல்கள் அவள் மணிக்கட்டில் இறுகியே இருந்தன. போனை வைத்ததும் குரல் பழையபடி ஆனது.

“எத்தினி மாசமா?”

“சொன்னேனே. ஏழு மாசம்.”

“ஏழு மாசம் ஒருத்தி தனியா மலைக்குப் போய் இன்னா பண்ணுவா? நீயே சொல்லு. நீ நாலு பேருக்குப் பாடம் சொல்றவதானே?”

“டீ குடிப்பேன். நடப்பேன். ஏரிக்கரையில உக்காந்திருப்பேன்.”

“சும்மா?”

“சும்மா.”

முழங்கையால் அவள் விலாவில் குத்தினான். காருக்குள் கையை வீச இடமில்லை. அவள் மூச்சுப் பிடித்துக் குனிந்தாள். ராபர்ட் கண்ணாடியில் பார்த்தான்.

“அண்ணி, ஒரு பேரு. நாங்க போய் நாலு வார்த்தை பேசிட்டு விட்டுடுவோம். நீங்க ஏன் இப்படி உடம்பைக் கெடுத்துக்கிறீங்க?”

சந்தவாசலில் வண்டியை நிறுத்தி இருவரும் டீ குடித்தார்கள். அவளைக் கீழே இறங்க விடவில்லை. வெள்ளரிப்பிஞ்சு விற்கிற ஒரு பெண் ஜன்னலருகே வந்து, அவள் முகத்தில் இருந்த கன்றலைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

போளூர் தாண்டி கார் மலை ஏறத் தொடங்கியது.

இதே ரோட்டில்தான் ஏழு மாதத்துக்கு முன்னால் முதல்முறை அவள் போனாள். அன்று உண்மையிலேயே போளூரில் பயிற்சி இருந்தது. பேச வரவேண்டியவர் வராததால் பத்து மணிக்கே அனுப்பிவிட்டார்கள். ஆரணி பஸ்ஸுக்காக நின்றாள். அவள் சாயங்காலம்தான் வருவாள் என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். பக்கத்தில் ஜமுனாமரத்தூர் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. ஏறினாள். ஏன் ஏறினாள் என்று கேட்டால் அன்று அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அதுவே புதிதாக இருந்தது. வேளாங்கண்ணிக்கு வருஷா வருஷம் போவார்கள். பஸ்ஸிலோ வண்டியிலோ அவள் தலையைத் தூக்கினால், “எவனைப் பாக்குற?” என்று சத்தியராஜ் கேட்பான். பத்தொன்பது வருஷமும் அவள் தன் மடியைப் பார்த்துக்கொண்டே வேளாங்கண்ணி வரை போய்வந்திருக்கிறாள்.

அன்று மலைபஸ்ஸில் ஒரு வளைவில் பள்ளத்தாக்கு முழுவதும் வெயிலில் தெரிந்தது. அவள் பார்த்தாள். அடுத்த வளைவிலும் பார்த்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. மேலே போய் ஒரு டீ குடித்தாள். ஏரிக்கரையில் ஒரு பாறைமேல் உட்கார்ந்தவள், பட்டப்பகலில், தலைக்குப் பையை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் தூங்கிவிட்டாள்.

அடுத்த மாதம் பயிற்சி இல்லை. இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனாள்.

“இறங்கு” என்றான் சத்தியராஜ். கார் நின்றிருந்தது.

---

பஸ் நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, தகரக் கூரை போட்ட டீக்கடை. விறகடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது. கடைக்காரர் சின்னக்கண்ணு அறுபதைத் தாண்டிய மலைக்காரர். ஒல்லியான உடம்பு, காதோரம் மட்டும் நரைமுடி. ஃப்ளோரன்ஸைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“வாங்க டீச்சரம்மா! இன்னைக்கு வூட்டுக்காரரையும் கூட்டியாந்துட்டீங்களா? உக்காருங்கய்யா. இதோ, ஜல்தியா போட்டுத் தரேன்.”

அவள் தலையை ஆட்டி அவரை எச்சரிக்கப் பார்த்தாள். அவர் டம்ளர் கழுவுவதில் மும்முரமாக இருந்தார்.

“இவளை உனக்கு எப்படித் தெரியும்?” என்றான் சத்தியராஜ்.

“மாசம் ஒரு தபா வருவாங்களே. டீ சாப்டுவாங்க, அப்படியே ஏரிப்பக்கம் நடந்து போவாங்க. மூணு மணி பஸ்ஸுக்குத் திரும்பிடுவாங்க.”

“கூட யாரு?”

“கூடவா? யாரும் இல்லீங்க. எப்பவும் தனியாத்தான் வருவாங்க.”

ராபர்ட் சிரித்தான். “அண்ணி நல்லாச் சொல்லிக் குடுத்து வச்சிருக்காங்க.”

சின்னக்கண்ணுவுக்கு இன்னும் விளங்கவில்லை. கடைக்குள் குனிந்து ஒரு துணிமூட்டையை எடுத்தார்.

“டீச்சரம்மா, போன தபா கேட்டீங்களே, சாமை. எங்க கொல்லையில வெளைஞ்சது. உங்களுக்குன்னு எடுத்து வச்சிருந்தேன்.”

“அவளுக்குன்னா?” என்றான் சத்தியராஜ். “அவளுக்குன்னு நீ எதுக்குடா எடுத்து வைக்கணும்? அவ உனக்கு இன்னா ஆவணும்?”

“ஏங்க, அவர் வயசென்ன, நீங்க பேசறது என்ன...” ஃப்ளோரன்ஸ் குறுக்கே வந்தாள். ராபர்ட் அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தான்.

முதல் அறையில் மூட்டை அவிழ்ந்து சாமை தரையெல்லாம் இறைந்தது. கிழவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எதுக்கு சாமி அடிக்கிற?”

“அவன் பேரைச் சொல்லு. இங்க வந்து இவளைப் பாக்குறவன் பேரு.”

“சத்தியமா யாரும் வரல சாமி.”

சத்தியராஜ் காலைத் தூக்கி அடுப்பை உதைத்தான். கொதித்துக்கொண்டிருந்த பால் பாத்திரத்தோடு கவிழ்ந்து சின்னக்கண்ணுவின் இடது தொடையில் கொட்டியது. அவர் போட்ட சத்தத்தில் எதிரே மரத்தடியில் நின்ற ஆடுகள் கலைந்து ஓடின. வேட்டி ஒட்டிக்கொண்ட காலோடு தரையில் விழுந்து புரண்டார். சத்தியராஜ் அவர் இடுப்பில் உதைத்தான். மறுபடி உதைத்தான்.

ராபர்ட் காருக்குப் போனான். அவசரமே இல்லாமல் போய், ஜாக்கி ராடை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தான்.

“தள்ளிக்கண்ணா” என்றான்.

முதல் அடி தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் விழுந்தது. காய்ந்த சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம். ஒரு காது அடைத்திருந்தும் ஃப்ளோரன்ஸுக்கு அது கேட்டது.

ராபர்ட் இரண்டாம் முறை கையை ஓங்கினான்.

கவிழ்ந்த அடுப்பிலிருந்து உருண்டு வந்த ஒரு கொள்ளிக்கட்டை அவள் காலருகே புகைந்துகொண்டிருந்தது. குனிந்து எடுத்தாள். எரியாத முனையை இரண்டு கையாலும் பிடித்து, ராபர்ட்டின் ஓங்கிய கையில் ஒரே வீச்சாக அடித்தாள். ராடு கீழே விழுந்தது. அவன் கையை உதறிக்கொண்டு கத்தினான்.

“ஃப்ளோரா!” சத்தியராஜ் அவள்மேல் பாய்ந்தான்.

அவள் திரும்பி அவனையும் அடித்தாள். நெருப்பு அவன் முன்கையைத் தொட்டுச் சட்டைக் கையில் பற்றியது. அவன் தட்டி அணைத்துவிட்டு நின்றான். வலியைவிட வேறொன்று அவன் முகத்தில் இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் அவள் கை அவனை நோக்கி உயர்ந்து அவன் பார்த்ததில்லை.

“கிட்ட வராதீங்க” என்றாள். கட்டையைக் கீழே போடவில்லை. “வந்தா மூஞ்சியிலயே வைப்பேன்.”

அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள், பலாப்பழம் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள், எதிர்வீட்டுப் பெண்கள். தரையில் கிடந்த கிழவரைப் பார்த்ததும் ஒருத்தரும் என்ன ஏதென்று விசாரிக்கவில்லை.

ராபர்ட்டுக்குப் புரிந்துவிட்டது. கூட்டம் சூழ்வதற்கு முன்பே ஓடி வண்டியில் ஏறினான். கார் பின்வாங்கி, ஒரு சைக்கிளை நசுக்கிக்கொண்டு, மலைப்பாதையில் கீழ்நோக்கிப் பாய்ந்தது.

“டேய் ராபர்ட்டு! டேய், என்னை விட்டுட்டு...” சத்தியராஜ் நாலடி ஓடினான். ஐந்தாவது அடிக்குள் அவனைப் பிடித்துவிட்டார்கள்.

பலாமூட்டை தூக்குகிற ஒருத்தர் ஃப்ளோரன்ஸிடம் கேட்டார். “யாரும்மா இவன் உனக்கு?”

“என் வீட்டுக்காரர்.”

“நிறுத்தச் சொல்லவா?”

அடி விழுந்துகொண்டிருந்தது. புருவம் பிளந்து அவன் மண்டியிட்டான். யாரோ தலைமுடியைப் பிடித்து நிமிர்த்தி மறுபடி அறைந்தார்கள். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்படி நின்றதை அவள் பிற்பாடு யாரிடமும் மறைக்கவில்லை.

பிறகு, “போதும்ணே” என்றாள். “செத்துடப் போறாரு. போலீஸ்கிட்ட குடுத்துடுங்க.”

---

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சின்னக்கண்ணுவைப் படுக்க வைத்திருந்தார்கள். காறை எலும்பு முறிந்திருந்தது. தொடையில் தோல் உரிந்து சிவந்து கிடந்தது. கீழே போளூருக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் வரும்வரை ஃப்ளோரன்ஸ் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து அட்டையால் விசிறினாள்.

கண்ணைத் திறந்தவர் அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

“டீச்சரம்மா, நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லிட்டனா?”

அதுவரை அழாதவள் அப்போது அழுதாள்.

“இல்லீங்க ஐயா. நீங்க உள்ளதைச் சொன்னீங்க.”

ஆம்புலன்ஸ் போனபின் ஒரு பெண் போலீஸ்காரர் அவளை நடத்திக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனார். சப் இன்ஸ்பெக்டர் தேவிப்ரியாவுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவளிடம் நீட்டிவிட்டு, தாளை எடுத்து வைத்துக்கொண்டார்.

“நடந்ததைச் சொல்லுங்கம்மா. மெதுவாச் சொல்லுங்க.”

சொன்னாள். ஏழு நாளையும் சொன்னாள். காதைப் பற்றியும் போனைப் பற்றியும் மகளின் உதட்டைப் பற்றியும் சொன்னாள். பாலைக் கவிழ்த்தது யார், ராடால் அடித்தது யார், எதையும் விடவில்லை.

“நானும் அடிச்சேன் மேடம். கொள்ளிக்கட்டையால. அதையும் எழுதிக்குங்க.”

தேவிப்ரியா நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார்.

சுவரோரப் பெஞ்சில் சத்தியராஜ் உட்கார்ந்திருந்தான். புருவத்தில் பஞ்சு, கன்னமெல்லாம் வீக்கம். ஒரு கண் திறக்கவில்லை. வீங்கிய வாயால் பேசினான்.

“மேடம், அவளை அந்தப் பேரைச் சொல்லச் சொல்லுங்க. எல்லாம் முடிஞ்சிடும்.”

“பேசாம உக்காருய்யா.”

“ஒரு பேருதான் மேடம். நான் வேற ஒண்ணும் கேக்கல.”

தேவிப்ரியா பேனாவை மூடி வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இது எழுதறதுக்காக இல்லம்மா. சொல்ல விருப்பம் இல்லேன்னா விட்டுடுங்க. எதுக்கு இவ்வளவு தூரம் தனியா வந்தீங்க? ஒரு சிநேகிதியைக் கூட்டிகினு வந்திருந்தா இவ்வளவு சந்தேகம் வந்திருக்காதே?”

பெஞ்சில் இருந்தவனும் தலையைத் தூக்கிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“இவர் சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டுவாரு மேடம். மெதுவா கழட்டி வச்சா, அன்னைக்கு ஒண்ணும் இல்ல. உதறி எறிஞ்சா, நான் ஜாக்கிரதையா இருக்கணும். வண்டியை நிறுத்தற சத்தம், கேட்டைத் திறக்கற சத்தம், இருமல். எல்லாத்தையும் கேட்டுகினே இருப்பேன். பள்ளிக்கூடத்துல பாடம் நடத்தும்போதும் அது ஓயாது. போன் எப்ப அடிக்கும், என்ன குரல்ல பேசுவாரு. சிநேகிதி வந்தா, அவங்க மூஞ்சி கோணுதா, போதும்னு நினைக்கிறாங்களான்னு பார்க்க ஆரம்பிச்சுடுவேன். எனக்கு அப்படியே பழகிப்போச்சு. யாராவது கூட இருந்தாலே அவங்க மூஞ்சியைப் படிச்சுகினுதான் இருப்பேன்.”

தண்ணீரைக் குடித்தாள்.

“அந்தப் பாறையில நான் படிக்கறதுக்கு ஒரு மூஞ்சி கூட இல்ல மேடம். அதுக்குத்தான் வந்தேன். அங்க இருந்தா பசிக்குதுன்னு எனக்கே தெரியும். தூக்கம் வந்தா வரும். மாசத்துல ஒருநாள்.”

“பொய்” என்றான் சத்தியராஜ். ஆனால் முன்னைப்போல அந்தச் சொல்லில் பலம் இல்லை. “இதுக்காக எவளாவது...” முடிக்காமல் நிறுத்திவிட்டு, வேறு பக்கமாகத் திரும்பினான். “ஃப்ளோரா, யோசிச்சுக்க. அதுல கையெழுத்துப் போட்டேன்னா நாளைக்கு வனிதாவைக் கேட்டு எவன் வருவான்? கோயில்ல எவன் நம்மள மதிப்பான்?”

தேவிப்ரியா தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். “படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க.”

ஃப்ளோரன்ஸ் முழுதாகப் படித்தாள். ஒரு இடத்தில் ஊர்ப் பெயரில் இருந்த எழுத்துப்பிழையைத் திருத்தினாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

“பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசணும் மேடம். பயந்துகினு இருப்பா.”

தேவிப்ரியா தன் போனைக் கொடுத்தார். மணி ஒன்றே முக்கால். வனிதாவின் நம்பர் அவளுக்கு மனப்பாடம். மணி வெகுநேரம் அடித்தது.

“சொல்லுங்க அண்ணி. எந்த நம்பர்ல வந்தாலும் நீங்கதான்னு தெரியும்” என்றது குரல்.

ஃப்ளோரன்ஸ் போனை அடைக்காத காதில் அழுத்தினாள். “ராபர்ட்டு?”

அந்தப் பெயரைக் கேட்டதும் தேவிப்ரியா கை நீட்டி ஸ்பீக்கரைப் போட்டார்.

“கையெழுத்துப் போட்டுட்டீங்களா அண்ணி?”

“பாப்பா போன் உங்ககிட்ட எப்படி வந்தது? பாப்பா எங்க?”

“என்கூடத்தான் இருக்கு. வண்டியில. அம்மாவுக்கு மலைமேல அடிபட்டுடுச்சுன்னு சொன்னேன். செருப்புகூடப் போடாம ஓடிவந்து ஏறிக்கிச்சு. நல்ல பொண்ணு அண்ணி. நல்லா வளர்த்திருக்கீங்க.” பின்னால் ஒரு லாரி ஹாரன் கேட்டது. “கிழவன் தானா தடுக்கி அடுப்புல விழுந்தான்னு எழுதிக் குடுங்க. அண்ணனை வெளிய கூட்டிகினு வாங்க. நான் பாப்பாவைப் பத்திரமா வீட்ல விட்டுடறேன்.”

“தம்பி, அவ சின்னப் பொண்ணு. அவளை இறக்கி விட்டுடுங்க.”

“அம்மா!” தூரத்தில் வனிதாவின் குரல். “அம்மா, நீ நல்லாத்தான் இருக்கியா? உனக்கு அடிபட்டுதுன்னாரே! அப்ப எங்க போறோம் சித்தப்பா? வண்டியை நிறுத்துங்க... நிறுத்துங்கன்றேன்! அம்மா, கலசப்பாக்கம்! கலசப்பாக்கம் போர்டு தாண்டி...”

அறை விழுந்த சத்தம் ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது. ஒரு அலறல். டயர் கிறீச்சிட்டது. லைன் அறுந்தது.

மறுபடி அடித்தாள். ஸ்விட்ச் ஆஃப்.

பெஞ்சிலிருந்து சத்தியராஜ் எழுந்து நின்றுவிட்டான். பக்கத்தில் இருந்த போலீஸ்காரர் அவன் தோளை அமுக்கினார்.

“பாப்பாவையா அடிச்சான்?” என்றான். திறந்திருந்த ஒரு கண்ணால் ஃப்ளோரன்ஸையே பார்த்துக் கேட்டான். “ராபர்ட்டா? நம்ம பாப்பாவையா?”

காலையில் பாப்பாவின் உதட்டைக் கிழித்தது அவன் கைதான் என்று சொல்ல அவளுக்கு நேரமில்லை.

“வண்டி நம்பர் தெரியுமாம்மா?” தேவிப்ரியா தொப்பியை எடுத்துக்கொண்டே கேட்டார்.

“தெரியும். எழுதிக்குங்க.” ஒரு எழுத்துகூடத் தடுமாறாமல் சொன்னாள். “வெள்ளை கலர். பின்கண்ணாடியில சிலுவை ஒட்டியிருக்கும்.”

“நீங்க இங்கேயே இருங்க. தகவல் வந்ததும்...”

“நான் வரேன் மேடம்.”

தேவிப்ரியா அவள் முகத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவர், ஜீப்பின் பக்கம் கையைக் காட்டினார்.

ஜீப் மலையிலிருந்து இறங்கத் தொடங்கியபோது வெயில் இன்னும் தணியவில்லை. தேவிப்ரியா வயர்லெஸ்ஸில் வண்டியின் நம்பரையும் கலசப்பாக்கம் என்ற பெயரையும் மூன்றுமுறை சொல்லிவிட்டார். வளைவுக்கு வளைவு கரகரப்புத்தான் வந்தது. நான்காவது முறை ஒரு குரல் விட்டுவிட்டுக் கேட்டது.

“...அந்த நம்பர் வெள்ளைக் கார்தான்... கலசப்பாக்கம் ஆத்துப் பாலத்துக்கிட்ட நிக்குது மேடம். கதவெல்லாம் திறந்து கிடக்குது. சீட்டுல ரத்தம் இருக்குது. உள்ள யாரும் இல்ல.”